நாற்பதில் மூன்று

மூன்றை நாற்பதால் வகுத்து நூறால் பெருக்கினால் ஏழரை வருகிறது. பழைய வினாத்தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் போட்ட கணக்கை மேடம் இன்னொரு தடவை சரிபார்த்தார். ஏழரையேதான். போயும் போயும் இந்த எண்தானா வந்து வாய்க்க வேண்டும் என்று தனக்குள் சிரித்துக்கொண்டார். ஆசிரியர் அறையில் அப்போது வேறு யாரும் இல்லை. கணினித் திரையில் சிபாரிசுப் படிவத்தின் கடைசிக் கேள்வி காத்திருந்தது. நீங்கள் இதுவரை கற்பித்த இளநிலை மாணவர்களில் இவர் எந்த இடத்தில் நிற்கிறார்? கீழே நான்கு கட்டங்கள். முதல் ஒரு சதவீதம், முதல் ஐந்து, முதல் பத்து, முதல் இருபத்தைந்து. ஏழரை ஐந்துக்குள் அடங்காது, பத்துக்குள் அடங்கும். மேடம் பத்தில் டிக் அடித்தார். எட்டு ஆராய்ச்சி நிறுவனங்களுக்கு எட்டுப் படிவங்கள், எல்லாவற்றிலும் ஏறக்குறைய இதே கேள்வி, எட்டிலும் பத்து. மனசாட்சிக்கு விரோதமில்லாமல் ஒரு வேலையை முடித்த திருப்தியோடு அன்று சாயங்காலம் பஸ் பிடித்து வீட்டுக்குப் போனார்.

கல்லூரியில் அவருக்குச் சனிக்கிழமை மேடம் என்று பெயர். வேதியியல் துறையில் இருபத்துமூன்று வருடமாக இருக்கிறார். மற்ற நாட்களில் எல்லோரையும் போலப் பாடம் எடுத்து, வருகைப்பதிவு எடுத்து, தேர்வுத்தாள் திருத்துவார். சனிக்கிழமைகளில், விடுமுறையை விட்டுக்கொடுத்து வரச் சம்மதிக்கிற மூன்று நான்கு பேரை வைத்துக்கொண்டு, ஆராய்ச்சிப் படிப்புக்குப் போக என்னென்ன வேண்டுமோ அதையெல்லாம் சொல்லிக்கொடுப்பார். அந்தக் கல்லூரியில் படித்தவர்கள் மருந்துக் கம்பெனிப் பையைத் தூக்கிக்கொண்டு அலைவார்கள், இல்லை ஏதாவது அலுவலகத்தில் கோப்பு புரட்டுவார்கள். முனைவர் பட்டம் என்பது அவர்களுக்கு அடுத்த வீட்டு விசேஷம் மாதிரி, சத்தம் மட்டும்தான் கேட்கும். மேடம் பதினொரு வருடம் முன்பு அதை மாற்றிக் காட்டுகிறேன் என்று ஆரம்பித்தார். ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையை வாரத்துக்கு ஒரு பத்தியாக வாசிக்க வைப்பார். கையில் சாக்பீஸைக் கொடுத்துப் பத்து நிமிடம் பேசச் சொல்லிவிட்டு, கண்ணில் தண்ணீர் வருகிற வரை கேள்வி கேட்பார். புதிதாக யாராவது சேர்ந்தால், சக ஆசிரியர்கள் அவர்களை வழியில் நிறுத்தி, சனி பிடிச்சாச்சா என்று விசாரிப்பார்கள். இதுவரை பிடித்தது நாற்பது பேரை. அதில் ஒன்பது பேர் ஆராய்ச்சிக்குப் போனார்கள். ஒன்பது என்பது பெரிய எண்ணா சின்ன எண்ணா என்று மேடத்துக்கே சில நாள் ஒரு மாதிரியும் சில நாள் வேறு மாதிரியும் தோன்றும்.

அந்த எட்டுப் படிவங்களுக்கு உரிய நாற்பதாவது ஆளின் பட்டப்பெயர் தராசு. ஒரு பொடியை எடை போட்டால் நான்கு தடவை போடுவாள். முதல் மூன்று தடவையும் ஒரே எண் வந்திருந்தாலும் நான்காவது தடவை போடாமல் எழுந்திருக்க மாட்டாள். மற்ற பிள்ளைகள் இவள் எடை போட உட்கார்ந்தால் டீ குடிக்கக் கிளம்பிவிடுவார்கள். அப்பா இல்லாத வீடு. அம்மா ஒரு பெரிய சலவையகத்தில் இஸ்திரிப் பிரிவில் நாள் முழுவதும் நின்றுகொண்டே வேலை செய்கிறவர். அம்மாவுக்குத் தம்பி ஒருவர், பெயின்ட் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர், அந்தக் குடும்பத்தைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். படிப்பு முடிந்து ஒரு வருடத்துக்குள் இடம் கிடைத்தால் ஆராய்ச்சி, கிடைக்காவிட்டால் வேலை. இதுதான் மாமாவும் மருமகளும் செய்துகொண்ட ஒப்பந்தம்.

தராசு என்ன செய்தாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சாயம் கலந்த தண்ணீரை ஒரு விளக்குக்குக் கீழே வைத்தால், ஒரு குறிப்பிட்ட பொடி அந்தச் சாயத்தை உடைத்துத் தண்ணீரைத் தெளிய வைக்கும் என்று இரண்டு வருடமாக மேடத்தின் மாணவர்கள் அளந்து அளந்து எழுதியிருந்தார்கள். தராசு செய்தால் மட்டும் சரியாக வரவில்லை. ஏழு மாதம் வரவில்லை. கை சரியில்லை என்றார்கள் எல்லோரும், மேடமும் உள்ளுக்குள் அப்படித்தான் நினைத்தார். எட்டாவது மாதம் அவள் வந்து, சாயம் மத்தியானத்தில் மட்டும் வேகமாகத் தெளிகிறது, காலையில் தெளிவதில்லை, காரணம் விளக்கு இல்லை, மேற்கு ஜன்னல் வழியாக வரும் வெயில் என்றாள். மேஜையை எதிர்ச்சுவர்ப் பக்கம் தள்ளிப் போட்டு அளந்த எண்களையும் கொண்டுவந்திருந்தாள். இரண்டு வருட வேலை, அண்ணன்மார் அக்காமார் வாங்கிய பரிசு, மேடம் அனுப்பத் தயாராக வைத்திருந்த கட்டுரை எல்லாம் அந்த ஒரு ஜன்னலோடு போயின. அன்றைக்கு மேடம் வீட்டுக்குப் போய் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாவது நாள்தான் அவருக்குப் புரிந்தது, பதினொரு வருடமாகத் தான் காத்துக்கொண்டிருந்தது இதற்குத்தான் என்று. சிபாரிசுக் கடிதத்தில் இந்த ஜன்னல் கதையை மூன்று பக்கம் எழுதினார். இரண்டு ஞாயிற்றுக்கிழமை அதற்கே போயிற்று.

அப்படிப்பட்டவளை ஏன் மூன்றாவது இடத்தில் வைத்தார் என்றால், மேடம் நியாயஸ்தர். அதுதான் அவரைப் பிடித்த கேடு. முதல் இடம் அவசரம் என்று எல்லோரும் கூப்பிட்ட பையனுக்கு. எதையும் பாதி கேட்கும்போதே மீதியைச் சொல்லிவிடுவான். இப்போது பெரிய ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றில் விஞ்ஞானி. இரண்டாவது ஒரு பெண், மூளை என்றால் அப்படி ஒரு மூளை, ஆராய்ச்சியில் நான்காம் வருடம் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்து இப்போது புருஷனோடு டைல்ஸ் கடையில் உட்கார்ந்திருக்கிறாள். மேடம் அவளைக்கூடப் பட்டியலிலிருந்து இறக்கவில்லை. கடையில் உட்கார்ந்தால் மூளை குறைந்துவிடுமா என்ன?

பிப்ரவரியில் முதல் மறுப்பு வந்தது. மே மாதத்துக்குள் எட்டும் வந்து முடிந்தன. ஒருவர்கூட நேர்காணலுக்குக் கூப்பிடவில்லை. தராசு அழவில்லை. ஆய்வகத்தில் தனியாக இருந்த நேரம் பார்த்து வந்து மேடத்தின் எதிரில் நின்றாள்.

"எங்கிட்ட என்ன குறைன்னு சொல்லுங்க மேடம். திட்டினாலும் பரவாயில்ல. எட்டு பேரும் ஒரே மாதிரி சொல்றாங்கன்னா, ஏதோ ஒண்ணு பொதுவா இருக்கணும் இல்லையா?"

இருந்தது. அந்தப் பொதுவான ஒன்று எதிரில் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தது. ஆனால் அன்றைக்கு அது மேடத்துக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சனிக்கிழமைகளில் பிள்ளைகளிடம், தெரியாததைத் தெரியாது என்று சொல்லப் பழகுங்கள் என்று தொண்டை கிழியச் சொல்கிறவர்தான். ஆனால் கேட்டு வந்த பிள்ளையை வெறுங்கையோடு அனுப்ப மனம் வரவில்லை. ஏதாவது ஒரு காரணம் கையில் இருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருக்குமே என்று தோன்றியது. யோசித்து, தேடி, ஒன்றைக் கண்டுபிடித்துச் சொன்னார்.

"உனக்கு வேகம் பத்தாதும்மா. ஒண்ணை நாலு தடவை பாக்குற. அங்கெல்லாம் அவ்வளவு நேரம் தர மாட்டாங்க."

தராசு தலையாட்டினாள். பையிலிருந்து நோட்டை எடுத்து அதைத் தேதி போட்டு எழுதிக்கொண்டாள். ஒப்பந்த வருடம் முடிந்து, ஜூன் மாதம் மாமாவின் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் சேர்ந்துவிட்டாள் என்று பிறகு கேள்விப்பட்டார் மேடம்.

செப்டம்பரில் புது மாணவர்களிடம் பேச வர முடியுமா என்று கேட்க மேடம் தன் பழைய மாணவன் அவசரத்துக்கு ஃபோன் செய்தார். அவன் வருகிறேன் என்றான், குழந்தைக்குப் பல் முளைத்திருக்கிறது என்றான், அவன் பேச்சு எப்போதும் போல நாலு திசையிலும் ஓடியது. அந்த ஓட்டத்திலேயே, இந்த வருடம் சேர்க்கைக் குழுவில் தானும் இருந்ததாகவும், மேடத்திடமிருந்து ஒரு விண்ணப்பம் வந்திருந்ததே, அந்தச் சாயப் பெண், அவளிடம் என்ன பிரச்சினை என்றும் கேட்டான். பிரச்சினையா, என்ன பிரச்சினை என்றார் மேடம்.

"பத்துல டிக் போட்டிருந்தீங்களே மேடம். அஞ்சுக்கு மேல போனா அந்த ஃபைலே எங்க கைக்கு வராது. கம்ப்யூட்டரே ஒதுக்கிடும். எல்லாரும் எல்லாரையும் ஒண்ணுலதானே போடுவாங்க."

மூன்று பக்கம் எழுதியிருந்தேனே என்றார் மேடம். அதை யாரும் திறந்திருக்க மாட்டார்கள் என்றான் அவன். அவன் மட்டும் கல்லூரிப் பெயரைப் பார்த்துவிட்டு, ஒதுக்கியவர்கள் பட்டியலில் போய்த் தேடியிருக்கிறான். கிடைத்தும் இருக்கிறாள். நினைத்திருந்தால் குழுவில் ஒரு வார்த்தை சொல்லி மேலே எடுத்திருக்கலாம்.

"நீங்க பொய் சொல்ல மாட்டீங்கன்னு எனக்குத் தெரியுமே மேடம். நீங்களே பத்துல வச்சிருக்கீங்கன்னா ஏதோ காரணம் இருக்கும்னுதான் விட்டுட்டேன்."

ஃபோனை வைத்த பிறகு மேடத்துக்கு இன்னொன்றும் ஞாபகம் வந்து தொலைத்தது. அவசரத்துக்குச் சிபாரிசு செய்தபோது சனிக்கிழமைத் திட்டத்துக்கு இரண்டு வயதுகூட ஆகவில்லை. அதுவரை வந்தவர்களே மொத்தம் ஒன்பது பேர். ஒன்பதில் ஒருவன் என்று கணக்குப் போட்டிருந்தால் அவனே பத்துக்குள் அடங்கியிருக்க மாட்டான். அப்போது கணக்குப் போட அவருக்குத் தோன்றவில்லை. கெட்டிக்காரப் பையன், ஒன்றில் போடு என்று போட்டுவிட்டு வகுப்புக்கு ஓடியிருந்தார். அவர் அலட்சியமாக இருந்த வருடத்தில் ஒருவன் கரையேறினான், பொறுப்பாக இருந்த வருடத்தில் ஒருத்தி மூழ்கினாள். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

கணவரிடம் சொன்னார். அவர் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் படிவங்களோடு முப்பது வருடம் மல்லுக்கட்டியவர். முழுவதும் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"எல்லாரும் பொண்ணு பாக்க வந்தவங்ககிட்டப் பேசுற மாதிரி எழுதுறாங்க. நீ ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் மாதிரி எழுதியிருக்க."

அவர் கிண்டலாகச் சொல்லவில்லை, மேடத்துக்கு அதுதான் இன்னும் வலித்தது. மறுநாள் முதல் வேலையாக எட்டு நிறுவனங்களுக்கும் எழுதினார். தவறு தன்னுடையது, மாணவியுடையது இல்லை, மறுபடி பரிசீலிக்க வேண்டும் என்று கெஞ்சாத குறையாக எழுதினார். ஐந்து இடத்திலிருந்து பதிலே இல்லை. இரண்டு இடத்திலிருந்து, இந்த முகவரிக்கு வரும் அஞ்சல்களை யாரும் பார்ப்பதில்லை என்று அந்த முகவரியே பதில் எழுதியது. ஒரு இடத்தில் மட்டும் ஒரு மனிதர் எழுதியிருந்தார். ஒருமுறை பதிவான மதிப்பீட்டை மாற்ற வழியில்லை, அடுத்த ஆண்டு விண்ணப்பிக்கும்போது கவனமாக நிரப்பவும்.

அடுத்த வாரம் விடுப்பு போட்டுவிட்டு பெயின்ட் தொழிற்சாலைக்குப் போனார். இரண்டு பஸ் மாற வேண்டியிருந்தது. என்ன சொல்ல வேண்டும் என்பதை வழி நெடுக மனப்பாடம் செய்துகொண்டே போனார். வாயிற்காவலர் ஒரு சீட்டைக் கொடுத்து, வந்த நோக்கம் என்ன என்று எழுதச் சொன்னார். மேடம் பேனாவைப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் நின்றுவிட்டு, சொந்த விஷயம் என்று எழுதினார். பார்வையாளர்களுக்கு வாசலுக்கு உட்புறம் ஒரு தகரக் கொட்டகையும் இரண்டு பெஞ்சும் போட்டிருந்தார்கள். காற்றில் பெயின்ட் வாசம் தொண்டையைக் கரகரக்க வைத்தது. சாப்பாட்டு இடைவேளையில் தராசு வந்தாள். சாம்பல் நிறக் கோட்டு, தலைமுடி முழுவதையும் மூடிய அதே நிறத் தொப்பி. சாப்பிட்டீங்களா மேடம் என்றுதான் முதலில் கேட்டாள்.

மேடம் மனப்பாடம் செய்த எதையும் சொல்லவில்லை. கேள்வி இப்படி இருந்தது, கட்டம் இப்படி இருந்தது, நான் இப்படிக் கணக்குப் போட்டேன், அதனால் உன் விண்ணப்பத்தை யாரும் திறக்கவே இல்லை என்று ஒரே மூச்சில் கொட்டினார். வாயிற்சீட்டின் பின்பக்கத்தில் மூன்றையும் நாற்பதையும் எழுதியும் காட்டினார். தராசு சீட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாள். கோபம் வரும், அழுகை வரும், எது வந்தாலும் வாங்கிக்கொள்வது என்று மேடம் தயாராக இருந்தார்.

"வகுத்தது சரிதான் மேடம்," என்றாள். கொஞ்சம் பொறுத்து, "இந்த நாப்பது யாரு?" என்றாள்.

சனிக்கிழமைக்கு வந்தவர்கள் என்றார் மேடம்.

"கேள்வி சனிக்கிழமையைப் பத்தி இல்லையே மேடம். இதுவரைக்கும் நீங்க பாடம் எடுத்தவங்க எல்லாரையும்தானே கேட்டிருக்காங்க? இருபத்துமூணு வருஷம், வருஷத்துக்கு அறுபது பேருன்னு வச்சாலே..." அவள் மேடத்தின் கையிலிருந்து பேனாவை வாங்கி நாற்பதுக்குப் பக்கத்தில் ஆயிரத்து முந்நூற்று எண்பது என்று எழுதினாள். வகுத்தாள். "புள்ளி ரெண்டு."

புள்ளி இரண்டு சதவீதம். ஒன்றுக்குள் தாராளமாக அடங்கும். இன்னும் நாலு பேரை இவளுக்கு மேலே உட்கார வைத்தாலும் அடங்கும். உண்மையான பதிலே ஒன்றுதான். பொய் சொல்லத் தேவையே இருந்திருக்கவில்லை. சனிக்கிழமைத் திட்டத்தின் முதல் நாள் முதல் மணி நேரத்தில் மேடம் சொல்லித்தருவதே இதைத்தான். யாராவது சதவீதம் சொன்னால் அது எத்தனை பேரில் என்று கேளுங்கள், கீழே இருக்கிற எண்ணைப் பார்க்காமல் மேலே இருக்கிற எண்ணை நம்பாதீர்கள். இதைக் கேட்கத் தவறியதற்காகப் பிள்ளைகளை நிற்க வைத்துக் கேள்வி கேட்டு அழ விட்டிருக்கிறார். படிவம் நிரப்பிய போன நவம்பரிலிருந்து அவர் கண்ணில் படாதது இவளுக்குத் தகரக் கொட்டகையில் அரை நிமிடத்தில் பட்டுவிட்டது. நேர்மையால் இவளைக் கெடுத்துவிட்டோம் என்கிற நினைப்பாவது இதுவரை ஒரு மூலையில் துணைக்கு இருந்தது. இப்போது அதுவும் இல்லை. வெறும் தப்பு.

தராசு சீட்டை மடித்து மேடத்திடமே கொடுத்தாள்.

"அப்போ வேகம் இல்ல காரணம்," என்றாள்.

"இல்லம்மா. அது நானா சொன்னது."

இந்த வருடமே மறுபடி விண்ணப்பிக்கலாம், நான் ஒவ்வொரு இடத்துக்கும் நேரில் போகிறேன், அவசரத்திடம் பேசுகிறேன் என்று மேடம் படபடவென்று அடுக்கினார். தராசு பொறுமையாகக் கேட்டாள். பிறகு, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல, ஒவ்வொன்றாகச் சொன்னாள். அசல் சான்றிதழ்களைத் தொழிற்சாலையில் வாங்கி வைத்திருக்கிறார்கள், மூன்று வருடம் கழித்துத்தான் திருப்பித் தருவார்கள். பட்டம் வாங்கி இரண்டு வருடத்துக்கு மேல் ஆனவர்களை அந்த எட்டு இடத்திலும் எடுக்க மாட்டார்கள், அதை அவள் அப்போதே வாசித்திருக்கிறாள். மாமாவிடம் நான் பேசுகிறேன் என்றார் மேடம்.

"வேண்டாம் மேடம். எனக்காக மாமா ஜாமீன் கையெழுத்து போட்டிருக்காரு. யார் யார்கிட்டயோ தலை குனிஞ்சு வாங்கின வேலை. அவருக்கு இதெல்லாம் புரியாது. அம்மாவும் இப்போதான் கொஞ்ச நாளா உக்காந்து சாப்பிடுறாங்க."

உள்ளே ஏதோ ஓர் இயந்திரம் டப்பாக்களைக் குலுக்கிக்கொண்டிருந்தது. வேலை எப்படி இருக்கிறது என்று மேடம் கேட்டார், கேட்பதற்கு வேறு எதுவும் இல்லாததால். வண்ண அட்டைகளைப் பார்க்கிற வேலை என்றாள். ஒவ்வொரு கலவையிலிருந்தும் ஒரு அட்டையில் தடவிக் காய வைத்துக் கொண்டுவருவார்கள், மாதிரி அட்டையோடு நிறம் ஒத்துப்போகிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். ஒரு நாளைக்கு நானூறு அட்டை.

"நீங்க சொன்னதுல இருந்து எதையும் ஒரு தடவைதான் மேடம் பாக்குறேன். முதல்ல ராத்திரி தூக்கம் வராது. இப்போ பழகிடுச்சு. இங்க என்னைத்தான் ரொம்ப வேகமான ஆளுன்னு சொல்றாங்க."

அவள் குத்திக்காட்டச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். மேடம் வாயைத் திறந்தார். மறுபடி பழையபடி நாலு தடவை பார் என்று சொல்ல நினைத்தார். யாருக்காகப் பார்ப்பாள், எதற்காகப் பார்ப்பாள்? நானூறு அட்டையை நாலு தடவை பார்த்தால் அடுத்த வாரம் இந்த வேலையும் இருக்காது.

சங்கு ஊதியது. தராசு எழுந்து கோட்டைத் தட்டிவிட்டுக்கொண்டாள். வெயிலாக இருக்கிறது, எதிர்ப்பக்கம் நிழலில் நின்று பஸ் பிடியுங்கள் மேடம் என்றாள். கொட்டகைக்கு வெளியே சாப்பிட்டு முடித்தவர்கள் இரண்டு பக்கமிருந்தும் வந்து உள்வாசலில் வரிசையாக நிற்க ஆரம்பித்திருந்தார்கள். அவள் வேகமாக நடந்து போய் அவர்களுக்கு நடுவில் நின்றாள். எல்லோருக்கும் அதே சாம்பல் கோட்டு, அதே தொப்பி, எல்லோரும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். வரிசை நகர்ந்தது. இதில் எது அவள் என்று மேடம் ஒவ்வொரு முதுகாகப் பார்த்துக்கொண்டு வந்தார். எண்ண ஆரம்பித்தார், பாதியில் விட்டுப்போயிற்று, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். அதற்குள் கடைசி ஆளும் உள்ளே போக, ஒருவர் கதவை இழுத்துச் சாத்தினார்.